பிராக்கில் மூன்று நாள்: லிஸ்ட் அப்புறம், முதலில் காலண்டரைப் பாருங்க!

கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி மெயில் அனுப்பியிருக்கிறார். வயது 61. மகன் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் சிப் தயாரிக்கும் கம்பெனியில் இன்ஜினீயர். செப்டம்பர் கடைசியில் அம்மாவும் அப்பாவும் மகன் வீட்டுக்குப் போகிறார்கள். அப்படியே ஒரு வெள்ளி, சனி, ஞாயிறு, பக்கத்து நாடான செக் குடியரசின் தலைநகர் பிராக்கைப் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. மெயிலோடு ஒரு லிஸ்ட்டும் வந்தது. எண்ணிப் பார்த்தேன், 23 இடங்கள். ரீல்ஸ் பார்த்துப் பார்த்து எழுதியதாம்.

லிஸ்ட்டுக்குக் கீழே எழுதியிருந்ததுதான் முக்கியம். "தம்பி, எனக்கு முழங்கால் வலி. படிக்கட்டு என்றாலே பயம். அவர் கவர்மென்ட் பஸ் டிரைவராக இருந்து ரிட்டயர் ஆனவர். புரட்டாசியில் முட்டைகூடத் தொட மாட்டார். லிஸ்ட்டில் யூதர்களின் கல்லறை ஒன்று இருக்கிறது. சந்தோஷமாகப் போற இடத்துல கல்லறை எதுக்கு என்கிறார். இன்னொரு தடவை இந்தப் பக்கம் வருவோமா, தெரியாது. எதைப் பார்க்க, எதை விட?"

அம்மா, 23-ஐயும் ஓரமாக வைத்துவிட்டு முதலில் காலண்டரை எடுங்கள். பிராக்கில் சில கதவுகள் சில கிழமைகளில் திறக்காது. யூதர் பகுதியான யோசெஃபோவில் உள்ள அருங்காட்சியகமும் ஜெப ஆலயங்களும் சனிக்கிழமை மூடியிருக்கும், அது அவர்களுடைய ஓய்வுநாள். கோட்டைக்குள் இருக்கும் புனித விட்டஸ் பேராலயத்தில் ஞாயிறு காலை பூசை நடக்கும், சுற்றிப் பார்க்க வருபவர்களுக்கு மதியம்தான் கதவு திறக்கும். லிஸ்ட்டை அப்படியே வரிசையாக ஓட்டினால் சனிக்கிழமை யோசெஃபோவ் வாசலிலும், ஞாயிறு காலை பேராலய வாசலிலும் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டு திரும்ப வேண்டியதுதான். ஆகவே வெள்ளி யோசெஃபோவ், சனி கோட்டை, ஞாயிறு மற்றவை. இவ்வளவுதான் பிளான்.

செப்டம்பர், அக்டோபரில் இன்னொரு சிக்கல் உண்டு. யூதர்களின் புத்தாண்டு, அதையடுத்த நோன்பு, கூடாரப் பண்டிகை எல்லாம் அடுத்தடுத்து அந்த மாதங்களில்தான் வரும். அந்த நாள்களிலும் அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. ரயில் டிக்கெட் போடுவதற்கு முன்பே அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் தேதியைப் பார்க்கச் சொல்லுங்கள் மகனை. செப்டம்பர் 28 செக் நாட்டின் அரசு விடுமுறை. அன்று பெரிய கடைகள் திறக்காது. பாலும் தயிரும் முந்தின நாளே வாங்கிவிட வேண்டும்.

விசா பற்றி ஒரு வரி. ஜெர்மனி தந்த ஷெங்கன் விசாவே செக் குடியரசுக்கும் செல்லும், தனியாக எதுவும் வேண்டாம். ஆனால் பாஸ்போர்ட்டை டிரெஸ்டன் வீட்டு அலமாரியில் வைத்துவிட்டுப் போகாதீர்கள், ரயிலில் கேட்கலாம். இந்தியாவிலிருந்து நேரே பிராக்குக்கே போக நினைக்கும் மற்ற வாசகர்களுக்கு: விசா கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு கட்டாயம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம். 15 நாள்தான் இருக்கிறது என்ற நிலைக்கு வந்துவிடாதீர்கள்.

வெள்ளி: அந்த ஒரு மாடிப்படி

டிரெஸ்டனிலிருந்து பிராக்குக்கு ரயிலில் இரண்டரை மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். இடப்பக்க ஜன்னல் சீட்டைப் பிடியுங்கள். எல்பே ஆறு கூடவே வரும், அக்கரையில் செங்குத்தான மணற்பாறைகள். எல்லை தாண்டிக் கொஞ்ச நேரத்தில் பொஹுஷோவிட்சே என்றொரு சின்ன ஸ்டேஷனை ரயில் நிற்காமல் கடக்கும். அந்தப் பெயரை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மதியம் தேவைப்படும்.

பிராக்கில் இறங்கி, ரூமில் பையைப் போட்டு, சாப்பிட்டுவிட்டு யோசெஃபோவுக்குக் கிளம்பலாம். ஒரே டிக்கெட்டில் பல கட்டடங்கள் பார்க்கலாம் என்பார்கள். முழங்கால் வலியோடு அத்தனையும் வேண்டாம். பிங்காஸ் ஜெப ஆலயமும், அதை ஒட்டிய பழைய கல்லறைத் தோட்டமும் போதும்.

பிங்காஸுக்குள் போனால் சுவர்தான் இருக்கும். சிலை இல்லை, பெரிய ஓவியம் இல்லை. தரையிலிருந்து மேலே வரை பெயர்கள். பொஹீமியா, மொராவியா பகுதிகளிலிருந்து நாஜிகள் பிடித்துப்போய்க் கொன்ற யூதர்கள், ஏறக்குறைய 78,000 பேர். ஊர்வாரியாக, குடும்பம்வாரியாக, பிறந்த தேதியும் கடைசியாக உயிரோடு இருந்ததாகத் தெரிந்த தேதியும் சேர்த்துக் கையால் எழுதியிருக்கிறார்கள். 1954-லிருந்து 1959 வரை இரண்டு ஓவியர்கள் செய்த வேலை இது. 1968-ல் நிலத்தடி நீர் கசிகிறது என்று கட்டடத்தை மூடினார்கள். அப்புறம் கம்யூனிஸ்ட் ஆட்சி இருந்தவரை திறக்கவே இல்லை. பெயர்களும் அழிந்துபோயின. ஆட்சி மாறிய பிறகு, 1990-களில், அத்தனை பெயர்களையும் மறுபடி எழுதினார்கள்.

கீழே இதைப் பார்த்துவிட்டு, கால் வலிக்கிறது என்று அப்படியே வெளியே வந்துவிடாதீர்கள் அம்மா. மூன்று நாளில் நான் உங்களை ஏறச் சொல்லும் மாடிப்படி இது ஒன்றுதான். மேலே குழந்தைகள் வரைந்த படங்கள் இருக்கின்றன. பிராக்குக்கு வடக்கே தெரேசீன் என்ற ராணுவக் கோட்டை நகரத்தை நாஜிகள் யூதர்களை அடைத்து வைக்கும் இடமாக்கியிருந்தார்கள். காலையில் உங்கள் ரயில் தாண்டி வந்த பொஹுஷோவிட்சே ஸ்டேஷனில்தான் ஆரம்பத்தில் அவர்களை இறக்கிவிட்டார்கள். அங்கிருந்து தெரேசீனுக்கு மூட்டை முடிச்சோடு நடை.

உள்ளே அடைபட்டிருந்தவர்களில் ஃப்ரீடில் டிக்கர் பிராண்டைஸ் என்ற ஓவிய ஆசிரியையும் ஒருவர். அங்கிருந்த குழந்தைகளுக்கு ஓவிய வகுப்பு எடுத்தார். பூ, பட்டாம்பூச்சி, வீடு, சாப்பாட்டு மேஜை என்று குழந்தைகள் வரைந்தார்கள். படத்தில் அவரவர் பெயரை எழுத வைத்தார். 1944-ல் அவரை ஆஷ்விட்ஸுக்கு அனுப்புவதற்கு முன், சுமார் 4,500 படங்களை இரண்டு சூட்கேஸ்களில் ஒளித்து வைக்கப்பட்டிருந்தன. அவர் திரும்பவில்லை. வரைந்த குழந்தைகளில் பெரும்பாலானவர்களும் திரும்பவில்லை. சூட்கேஸ்கள் தப்பின.

பக்கத்துக் கல்லறைத் தோட்டத்தில் சுமார் 12,000 நடுகற்கள், ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்தபடி நிற்கும். யூதர்கள் புதைக்க ஊரில் வேறு இடம் கிடையாது, பழைய கல்லறையைத் தோண்டுவதும் அவர்கள் வழக்கத்தில் இல்லை. அதனால் மேலே மேலே மண் கொட்டிப் புதைத்துக்கொண்டே போனார்கள். மிகப் பழைய கல் 1439-ஐச் சேர்ந்தது. ஐயா தலைக்குத் தொப்பி போட வேண்டியிருக்கும், வாசலில் தருவார்கள்.

சந்தோஷமாகப் போகிற இடத்தில் இது எதற்கு என்று ஐயா கேட்டது நியாயமான கேள்விதான். எங்கள் டெஸ்க்கிலும் ஒருவர் அதையே கேட்டார். என் பதில்: பிராக்கில் மற்ற எல்லாவற்றையும் கும்பகோணத்தில் உட்கார்ந்து யூடியூபில் பார்த்துவிடலாம். சுவர் முழுக்கப் பெயர் எழுதிய ஓர் அறைக்குள் நிற்பதைப் பார்க்க முடியாது. ஐயாவுக்கு மனம் ஒப்பவில்லை என்றால் வற்புறுத்தாதீர்கள். அவர் வெளியே காபி குடிக்கட்டும், நீங்கள் போய்விட்டு வாருங்கள். ஒரு மணி நேரம்தான்.

வெளியே வந்து ஐந்து நிமிடம் நடந்தால் ஆற்றங்கரையில் ஒரு சதுக்கம். பெயர் யான் பாலாக் சதுக்கம். 1968-ல் சோவியத் டாங்கிகள் நாட்டுக்குள் புகுந்ததை எதிர்த்து 1969 ஜனவரியில் தன் உயிரைக் கொடுத்த 20 வயது மாணவர் அவர். அவர் படித்த, சார்லஸ் பல்கலைக்கழகத்தின் கலைப் புலம் அந்தச் சதுக்கத்தில்தான் இருக்கிறது. இங்கே நம் ஆள் ஒருவரையும் நினைத்துக்கொள்ளலாம். கமில் சுவெலபில். 1927-ல் பிராக்கில் பிறந்து, இதே பல்கலைக்கழகத்தில் படித்து, தமிழ் இலக்கியத்தை மேற்குலகத்துக்கு எடுத்துச் சொன்னவர். 'தி ஸ்மைல் ஆஃப் முருகன்' என்ற அவருடைய புத்தகம் 1973-ல் வந்தது. அதற்குள் அவரும் அந்த டாங்கிகளுக்குப் பிறகு நாட்டை விட்டுப் போயிருந்தார். நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் திராவிட மொழிகளுக்குப் பேராசிரியராக இருந்தார். வெள்ளிக்கிழமைக்கு இவ்வளவு போதும். ரூமுக்குப் போய்க் காலை நீட்டிப் படுங்கள்.

சனி: பாலம், 22-ஆம் நம்பர் ட்ராம், கோட்டை

சார்லஸ் பாலத்தைப் பகல் பதினோரு மணிக்குப் பார்த்தால் நம்மூர் தீபாவளி ரங்கநாதன் தெரு மாதிரி இருக்கும். செப்டம்பர் கடைசியில் சூரியன் உதிக்க ஏழு மணி நெருங்கிவிடும். ஆறே முக்காலுக்கு அங்கே நில்லுங்கள். 516 மீட்டர் நீளம், இருபுறமும் 30 சிலைகள், கீழே வல்டாவா நதி, எதிரே குன்றின் மேல் கோட்டை. போட்டோ எடுப்பவர்கள் அப்போதும் இருப்பார்கள், ஆனால் நடக்க இடம் இருக்கும்.

நம் ஆட்களுக்குப் பிடித்த கதை ஒன்று இந்தப் பாலத்துக்கு உண்டு. நான்காம் சார்லஸ் மன்னர் ஜோசியர்களைக் கேட்டு முகூர்த்தம் குறித்தாராம். 1357-ஆம் ஆண்டு, 9-ஆம் தேதி, 7-ஆம் மாதம், காலை 5:31. எண்களை வரிசையாக எழுதிப் பாருங்கள்: 1 3 5 7 9 7 5 3 1. முன்னாலிருந்து படித்தாலும் பின்னாலிருந்து படித்தாலும் ஒன்றே. ஆண்டு சரித்திரம், மணித்துளி கதையாக இருக்கலாம். சுண்ணாம்புக் கலவையில் முட்டை சேர்த்தார்கள் என்றும் ஒரு கதை உலவுகிறது. புரட்டாசியில் அதை ஐயாவிடம் சொல்ல வேண்டாம்.

பாலத்தின் கோட்டைப் பக்க முனையிலிருந்து கொஞ்சம் நடந்தால் மலோஸ்ட்ரான்ஸ்கே நாமெஸ்டி என்ற சதுக்கம். அங்கே 22-ஆம் நம்பர் ட்ராம் வரும். பிராக் முழுக்க முழங்கால் வலிக்காரர்களின் நண்பன் இந்த 22 தான். ரீல்ஸில் எல்லோரும் மூச்சிரைக்கப் படியேறிக் கோட்டைக்குப் போவார்கள். நீங்கள் ட்ராமில் உட்கார்ந்தபடி 'பிராஷ்ஸ்கி ஹ்ராட்' என்ற நிறுத்தத்தில் இறங்குங்கள். கோட்டையின் வடக்கு வாசல் அங்கிருந்து சில நிமிட நடை, ஏற்றம் இல்லை. திரும்பும்போதும் அதே வழி. கிழக்குப் பக்கப் பழைய படிக்கட்டு அழகுதான். ஆனால் இறங்குவதுதான் முழங்காலுக்கு எமன்.

ஐயாவுக்கு ஒரு ஸ்பெஷல். அதே தடத்தில் 23-ஆம் நம்பரும் வரும். அதில் ஓடுவது டி3 என்ற பழைய வண்டிகள். 1960-களில் பிராக்கிலேயே வடிவமைத்துத் தயாரிக்கத் தொடங்கியவை, உலகில் மிக அதிகம் தயாரான ட்ராம் வகைகளில் ஒன்று. டிரைவருக்குப் பின்னால் இருக்கும் சீட்டில் உட்கார்ந்து குன்றில் வளைந்து ஏறுவதை அவர் பார்க்கட்டும். சென்னையில் ட்ராம் 1953-லேயே நின்றுவிட்டது. முப்பது வருஷம் ஸ்டீயரிங் பிடித்தவருக்குக் கோட்டையைவிட இதுதான் பிடித்துப்போகும் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

ட்ராம், மெட்ரோ, பஸ் எல்லாவற்றுக்கும் ஒரே டிக்கெட். மூன்று நாளுக்கு 72 மணி நேர டிக்கெட் வாங்கிவிடலாம். காகித டிக்கெட் என்றால் முதல் தடவை ஏறும்போது மஞ்சள் மெஷினில் ஒரு முறை முத்திரை குத்த வேண்டும். கையில் டிக்கெட் இருந்தும் குத்தாமல் விட்டால் ஆயிரம் கொருனாவுக்கு மேல் அபராதம். டிக்கெட் செக்கர்கள் சாதாரண உடையில்தான் வருவார்கள். கொருனா என்பது அவர்கள் பணம், ஒன்று சுமார் நான்கு ரூபாய். மெட்ரோவைவிட ட்ராமையே சொல்வேன். சில மெட்ரோ ஸ்டேஷன்கள் மிக ஆழம். நாமெஸ்டி மீரு ஸ்டேஷனின் எஸ்கலேட்டர் 87 மீட்டர் நீளம், பார்த்தாலே தலை சுற்றும்.

கோட்டை சுமார் 70,000 சதுர மீட்டர். முற்றங்களைச் சுற்ற டிக்கெட் வேண்டாம், கட்டடங்களுக்குள் போகத்தான் வேண்டும். ஒன்பது மணிக்குத் திறந்தவுடன் முதலில் பேராலயத்துக்குள் போய்விடுங்கள். 1344-ல் தொடங்கி 1929-ல் முடித்த கட்டடம் இது. இடையில் போர், தீ, பணமில்லை என்று 585 வருஷம். இடப்பக்கத்தில் அல்ஃபோன்ஸ் மூகா வடிவமைத்த வண்ணக் கண்ணாடி ஜன்னல் இருக்கிறது, அதன் எதிரே உட்கார்ந்துவிடுங்கள். கோபுரத்துக்கு 287 படி. அந்தப் பக்கமே பார்க்க வேண்டாம்.

பழைய அரண்மனையில் ஒரு ஜன்னலைக் காட்டுவார்கள். 1618-ல் மன்னரின் பிரதிநிதிகள் இருவரையும் அவர்களின் செயலாளரையும் அதன் வழியே வெளியே தூக்கிப் போட்டார்கள். மூவரும் பிழைத்துக்கொண்டார்கள். ஆனால் அதிலிருந்து வெடித்த போர் ஐரோப்பாவை முப்பது வருஷம் எரித்தது. தங்கச் சந்து எனப்படும் கோல்டன் லேனில் 22-ஆம் எண் குட்டி வீட்டில்தான் எழுத்தாளர் காஃப்கா 1916, 17-ல் உட்கார்ந்து எழுதினார். கூட்டமாக இருந்தால் விட்டுவிடுங்கள். ஒரு மணிக்குள் வெளியே வந்துவிட வேண்டும், அதற்கு மேல் டூரிஸ்ட் பஸ் கூட்டம்.

சாப்பாடும் பணமும்

புரட்டாசி விரதக்காரருக்கு செக் சாப்பாடு கொஞ்சம் கஷ்டம். மெனுவில் 'பெஸ்மாசா' என்றிருந்தால் இறைச்சி இல்லாதது. அதில் முதலில் வருவது சீஸ் பொரியல், பிறகு உருளைக்கிழங்கு அடை. முன்னதன் மேல்மாவில் முட்டை, பின்னதிலும் பெரும்பாலும் முட்டை. சூப்புக்கு எலும்புச் சாறு ஊற்றியிருக்கலாம், கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். எடை போட்டுக் காசு வாங்கும் சைவ பஃபே கடைகளும் இந்திய ஹோட்டல்களும் ஊரில் நிறைய உண்டு. டிரெஸ்டனிலிருந்து ரயிலில் வருவதால் இன்னும் சுலபம், புளியோதரை ஒரு டப்பா, எலுமிச்சை சாதம் ஒரு டப்பா. எந்த சூப்பர் மார்க்கெட்டிலும் 'பீலி யோகுர்ட்' என்று கேட்டால் இனிப்பில்லாத தயிர் கிடைக்கும். தெருவெல்லாம் சுற்றிச் சுற்றிச் சுடும் 'ட்ரிடெல்னிக்' இனிப்பு ரீல்ஸில் வருவதுபோல பிராக்கின் பழம்பெரும் பலகாரம் எல்லாம் இல்லை, டூரிஸ்ட்டுகளுக்காக வந்தது. ஆசைக்கு ஒன்று வாங்கி மூவரும் பிய்த்துக்கொள்ளுங்கள்.

பழைய நகரத்தில் 'கமிஷன் 0%' என்று போர்டு வைத்த பணம் மாற்றும் கடைகளில் ஜாக்கிரதை. கமிஷன் இருக்காது, ரேட்டில் பிடித்துவிடுவார்கள். எத்தனை கொருனா கையில் தருவீர்கள் என்று முதலில் எழுதிக் காட்டச் சொல்லுங்கள். ஏமாந்தால் வழி உண்டு: 1,000 யூரோ வரையான மாற்றத்தை மூன்று மணி நேரத்துக்குள் ரசீதைக் காட்டி ரத்து செய்யலாம் என்று 2019 முதல் சட்டமே இருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டு பேசினாலே கவுன்ட்டரில் குரல் மாறும். ஏடிஎம்மில் 'ரூபாயில் / யூரோவில் மாற்றித் தரட்டுமா' என்று திரை கேட்டால் வேண்டாம் என்பதையே அழுத்துங்கள். பொதுக் கழிப்பறைக்குக் காசு உண்டு, சில்லறை வைத்திருங்கள். ஹோட்டலில் தண்ணீருக்கும் பில் வரும்.

தங்குமிடம் பழைய நகரத்துக்குள் வேண்டாம், விலை அதிகம், ராத்திரி சத்தம். 22-ஆம் நம்பர் ட்ராம் போகும் வினோஹ்ராடி பகுதியில் பாருங்கள். புக் பண்ணும்போது ஒரே ஒரு கேள்வி: லிஃப்ட் இருக்கிறதா? நூறு வருஷக் கட்டடங்களில் நான்காவது மாடி ரூமைத் தந்துவிட்டு மாடிப்படியைக் காட்டும் இடங்களும் உண்டு.

ஞாயிறு: மிச்சம்

காலையில் பழைய நகரச் சதுக்கம். 1410-ல் செய்த வானியல் கடிகாரம் மணிக்கொரு தரம் அடிக்கும்போது மேலே பொம்மைகள் வலம் வரும், எலும்புக்கூடு மணி இழுக்கும், சேவல் கூவும். ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். இதற்காக அரை மணி நேரம் கூட்டத்தில் கால் கடுக்க நிற்காதீர்கள். கூட்டம் கலைந்த பிறகு டயலைப் பாருங்கள், அதுதான் விஷயம். சூரியன் எந்த ராசியில், சந்திரன் எந்த ராசியில் என்றெல்லாம் காட்டும். செப்டம்பர் கடைசியில் சூரியன் துலாமில் என்று காட்டும். நம் பஞ்சாங்கத்தில் புரட்டாசி என்பதால் கன்னியில்தான் இருக்கும். ராசிச் சக்கரத்தை எங்கிருந்து எண்ணத் தொடங்குவது என்பதில் அவர்களுக்கும் நமக்கும் வித்தியாசம், கடிகாரம் ரிப்பேர் இல்லை. அந்தக் கோபுரத்துக்கு லிஃப்ட் இருக்கிறது. நகரத்தை மேலிருந்து பார்க்க வேண்டும் என்றால் இங்கேயே பார்த்துவிடலாம்.

நடனமாடும் வீடு, நேஷனல் தியேட்டர், ஆற்றங்கரை ஆகிய மூன்றையும் 17-ஆம் நம்பர் ட்ராமின் ஜன்னலிலிருந்தே பார்த்து டிக் அடித்துவிடலாம். நடை முடியவில்லை என்றால் ஒரு மணி நேரப் படகு. லிஸ்ட்டில் இருக்கும் கார்ல்ஷ்டெயின் கோட்டை, குட்னா ஹோரா எலும்பு ஆலயம், மிருகக்காட்சிசாலை மூன்றையும் அடித்துவிட்டேன். ஊருக்கு வெளியே போய்வர ஆளுக்கு அரை நாள் பிடிக்கும் இடங்கள்.

திரும்பும் ரயிலை நாலரை மணிக்குள் பிடியுங்கள். அதற்கு மேல் போனால் மணற்பாறைகள் வரும்போது இருட்டிவிடும். இந்த முறை ஆறு வலப்பக்கம் வரும், ஜன்னல் சீட்டை அந்தப் பக்கம் போடச் சொல்லுங்கள்.